எல்லோருக்கும் திருத்தும் உரிமை

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். பூவரசங்கொல்லைக் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் அது.

மங்கையர்க்கரசி அதை வியாழக்கிழமை காலையில்தான் பார்த்தாள். சாக்பீஸ் இல்லாவிட்டால் அப்போதும் பார்த்திருக்க மாட்டாள்.

அடுத்த ஊருக்குப் போகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். சுத்தியல், டார்ச், அளவு நாடா, ஒரு பழைய சோப்புப் பெட்டியில் சாக்பீஸ். தூணிலோ சுவரிலோ விரிசலைக் கண்டால் அதன் நுனியில் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவாள். பிறகு வந்து பார்க்கும்போது விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது. போன வெள்ளிக்கிழமை பூவரசங்கொல்லைக்குக் கிளம்பும்போது பெட்டியில் இரண்டு முழு சாக்பீஸ் இருந்தன. அவளே கடையில் வாங்கி வைத்தவை. இப்போது அரைத் துண்டு இருந்தது.

பூவரசங்கொல்லையில் விரிசல் இல்லை. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய மேல்நிலைத் தொட்டி. நான்கு தூண்கள். நான்கும் வழவழவென்று. சாக்பீஸை அவள் வெளியே எடுக்கவே இல்லை.

திருவாரூரில் அந்த வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். சாக்பீஸை எடுக்க ஆள் கிடையாது.

காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பதிவுப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை அது மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம் ஓடியதாகக் காட்டியது. குழுவின் கோப்பறையில் இருந்த கோப்பின் நீளம் மூன்று மணி முப்பத்தொன்று.

பதினோரு நிமிடம் இல்லை.

*

அவர்கள் நான்கு பேர். பாலங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பரிசோதித்துச் சான்று தருவது வேலை. அலுவலகம் கிடையாது. நிறுவனத்தின் தலைவர் சடகோபன் ஸ்ரீரங்கத்தில். ஜெயசிங் நாகர்கோவிலில். அறிக்கை எழுதும் ரஹீமா கீழக்கரையில். மங்கையும் ஜெயசிங்கும் களத்துக்குப் போவார்கள். அவர்கள் கண்டதையும் கேட்டதையும் பட்டை பதிந்து கோப்பறையில் போடும். ரஹீமா அந்த நினைவைத் திறந்து, தானே தொட்டியடியில் நின்றதுபோலப் பார்த்து எழுதுவாள். சடகோபன் கையெழுத்திடுவார். யாரும் யாருக்கும் குறிப்பு எழுதுவதில்லை, எதையும் வாயால் சொல்வதில்லை. எல்லாம் கோப்பில் இருக்கிறது என்பது அவர்கள் வேலை செய்யும் முறை.

கோப்பறையை அமைத்தவள் மங்கை. இரண்டு வருடத்துக்கு முன்பு, பட்டை விற்ற கம்பெனியின் பையன் திரையில் வந்து வழிகாட்டினான்.

"மூணு படி இருக்கு மேடம். பார்க்க மட்டும், குறிப்பு எழுத மட்டும், திருத்த. ஆளுக்கு ஒரு பேர் போட்டுக் குடுங்க. திருத்துற உரிமையை ஒருத்தருக்கு மேல குடுக்காதீங்க."

"ஏன்?"

"ரோட்டுல போறவங்க முகமெல்லாம் பதிவாகும். ஏழு நாளுக்குள்ள அத மங்கலாக்கணும்னு சட்டம். கோப்புல மட்டும் மங்கலாக்கினா பத்தாது, நேர்ல பாத்தவங்க தலையிலயும் மங்கணும். அதனால ரெண்டு பக்கமும் ஓடுற மாதிரி வச்சிருக்கோம். கோப்புல என்ன மாத்துறீங்களோ, அன்னைக்குத் தூங்கறப்ப அது பதிஞ்சவங்க தலையிலயும் மாறிடும்."

"ஒரு இடத்த அப்படியே வெட்டி எடுத்துட்டா?"

"மூளையே ஒட்டுப் போட்டுக்கும் மேடம். தையல் தெரியாது."

அவன் சொன்னபடியே செய்தாள். ஜெயசிங்குக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கிடைத்தது. ஐந்து நிமிடத்தில் அவன் கூப்பிட்டான்.

"என்ன மேடம், நம்ம மேல நம்பிக்க இல்லியா? நான் என்ன களவாணியா?"

சடகோபனும் கூப்பிட்டார். "நமக்குள்ள என்னம்மா இதெல்லாம்? எல்லாத்தையும் எல்லாருக்கும் தொறந்து விட்டுடு. ஆளுக்கொரு பேரும் வேண்டாம். ஒரே பேரு, ஒரே கடவுச்சொல். யாருக்கு யார் அந்நியம்?"

மங்கைக்கும் வெட்கமாக இருந்தது. பூட்டு போட்டவள் என்று பெயர் எடுக்க அவள் விரும்பவில்லை. பெயர் 'குழு' என்று ஆயிற்று. நால்வரும் முதன்முதலில் சந்தித்த நாளில் தான் சாப்பிட்டதைக் கடவுச்சொல்லாக வைத்தான் ஜெயசிங். அன்றிலிருந்து சடகோபன் தினமும் காலையில் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, 'மீன்குழம்பு' என்று தட்டச்சு செய்து வேலையைத் தொடங்கினார்.

இப்போது பூவரசங்கொல்லைக் கோப்பைத் திருத்தியது யார் என்ற கட்டத்தில் ஒரே சொல் இருந்தது. குழு.

*

ஒன்பதரைக்குத் தினக் கூட்டம். திரையில் மூன்று முகங்கள்.

"என்னோட பூவரசங்கொல்லைக் கோப்பை யாராவது தொட்டீங்களா?" என்றாள் மங்கை.

"யாராவது முகத்த மங்கலாக்கியிருப்பா," என்றார் சடகோபன்.

"அத நானே திங்கக்கிழமை முடிச்சிட்டேன் சார். இது செவ்வாய்க்கிழமை நடந்திருக்கு. மங்கலாக்கினா நீளம் குறையாது. இதுல பதினோரு நிமிஷம் போயிருக்கு. என் சாக்பீஸ் ஒண்ணரை காணோம்."

ஜெயசிங் சிரித்தான். "மேடம், சாக்பீஸ் திங்குற பழக்கம் உண்டுமா? எங்க வீட்டுல ஒருத்தி மாசமா இருந்தப்ப தின்னா."

"ஜெயசிங், அந்தத் தூண்ல நான் கோடு போட்டிருக்கேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கியளா? போட்டியளா?"

"தெரியல. அதான் பயமா இருக்கு."

சிரிப்பு நின்றது. சடகோபன் கண்ணாடியைக் கழற்றினார். "நான் நேத்தே கையெழுத்துப் போட்டாச்சே அம்மா. பச்சைச் சான்று கொடுத்தாச்சு. நாளைக்குத் தொறப்பு விழா."

"நிறுத்தச் சொல்லுங்க சார்."

"எதை வச்சு நிறுத்தச் சொல்றது? கோப்புல நாலு தூணும் நன்னா இருக்கு. உனக்கும் அப்படித்தான் ஞாபகம்ங்கற. அரை சாக்பீஸ வச்சு விழாவை நிறுத்துன்னா என்னைப் பாத்து சிரிக்க மாட்டாளா? ஏதாவது ஆதாரம் கொண்டு வா. நான் இப்பவே நிறுத்தறேன்."

"யாரு வெட்டினதுன்னு தெரிஞ்சா, அந்த எடத்துல என்ன இருந்துதுன்னு தெரியும் சார்."

"நான் இல்ல. எனக்குத் திருத்தவே தெரியாதுன்னு உனக்குத் தெரியும்."

"நானும் இல்ல மேடம். எங்க அம்மயாண," என்றான் ஜெயசிங்.

ரஹீமா தண்ணீர் குடித்தாள். வழக்கமாக முதலில் பேசுகிறவள் அவள்தான்.

"ரஹீமா?"

"மூணாவது தூணுக்கு நீங்க ரெண்டு பக்கமும் போனீங்கக்கா. மறுபக்கம் பாத்துத்தான் எழுதினேன். நல்லாத்தான் இருந்துச்சு."

மங்கை அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எதிரில் இருப்பவளின் கண்ணைப் பார்த்து, நீயா வெட்டினாய் என்று கேட்பதற்கு ஒரு தகுதி வேண்டும். அவளுக்கு அது இல்லை.

*

எட்டு மாதத்துக்கு முன்பு ரஹீமாவின் தம்பி ஹபீப் ராமநாதபுரம் சாலையில் லாரி மோதி இறந்தான். இருபத்திரண்டு வயது. வண்டியைக் கிளப்பும் முன் அக்காவைக் கூப்பிட்டிருந்தான். அவள் பட்டை போட்டு வேலையில் இருந்தாள். நாற்பது நொடி. வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன் என்று வெட்டினாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் பேசியிருந்தா அந்த லாரி போயிருக்கும்க்கா," என்று மூன்று நாள் வேலை நேரத்தில் மங்கையிடம் அழுதாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடவில்லை. நான்காவது நாள் கிணற்றைப் பற்றி ஏதோ சொன்னாள்.

அன்று மங்கை கோப்பறையைத் திறந்தாள். அந்த நாற்பது நொடியை வெட்டி எடுத்தாள். அதைப் பற்றி ரஹீமா தன்னிடம் அழுத பேச்சுகளையும் எடுத்தாள். மூன்று மணி நேரம் ஆயிற்று. எடுக்கும் முன் அந்த நாற்பது நொடியை ஒரு முறை முழுதாகக் கேட்டாள்.

மறுநாள் ரஹீமா சாப்பிட்டாள். ஒரு மாதத்தில் சிரித்தாள். மங்கைக்குத் தான் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் தோன்றியது. பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் ரஹீமா சொன்னாள். "கடைசி நாளு எல்லாருகிட்டயும் பேசினானாம்க்கா. உம்மாகிட்ட, மச்சான்கிட்ட, டீக்கடைக்காரர்கிட்ட கூட. என்கிட்ட மட்டும் பேசல."

அதை அவள் அடிக்கடி சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் மங்கை பேச்சை மாற்றினாள்.

*

பத்தேகாலுக்கு வேதாரண்யம் பேருந்தில் ஏறினாள். ஆதாரம் வேண்டுமானால் தூணைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். தொட்டிக்கு மோட்டார் போடும் வைரக்கண்ணுவின் எண் அவளிடம் இருந்தது. அடித்தாள். எடுக்கவில்லை. இரண்டு நிறுத்தத்துக்கு ஒரு முறை அடித்தாள்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமையை நினைவில் மீண்டும் நடந்து பார்த்தாள். முதல் தூண். இரண்டாவது. மூன்றாவது. மூன்றாவதில் சற்று நின்றாள். அந்தத் தூணின் மேல் விழுந்திருந்த கிளை நிழல், இரண்டாவது தூணில் விழுந்திருந்த அதே நிழல். அதே இடத்தில் அதே வளைவு. மரம் ஒன்றுதான். இரண்டு தூணில் ஒரே நிழல் எப்படி விழும்?

மூளை ஒட்டுப் போட்ட துணி கைக்குக் கிடைத்துவிட்டது.

சனி, ஞாயிறும் நினைவுக்கு வந்தன. இரண்டு நாளும் அடுப்பு மூட்டவில்லை. படுக்கையை விட்டு எழவில்லை. காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்ததும் நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டரைக்கு வைரக்கண்ணு எடுத்தார்.

"யாரு, இஞ்சினியரம்மாவா? வயக்காட்டுல இருந்தேன். போன வீட்டுல வச்சிட்டுப் போயிட்டேன்."

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். தொட்டித் தூணுல சாக்பீஸ் கோடு ஏதாச்சும் இருக்கா? போய்ப் பாத்துச் சொல்றீங்களா?"

"பாக்குறதுக்கு என்னம்மா இருக்கு? நீங்கதான போட்டீங்க. நான் பக்கத்துலதான நின்னேன்."

மங்கை எதிர்ச் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எந்தத் தூணு?"

"மூணாவது. என்னம்மா, மறந்துட்டீங்களா?" அவர் கொஞ்சம் தயங்கினார். "சரி, மறக்க வேண்டிய பேச்சுதான் அது. அந்தக் கான்ட்ராக்டர் மனுசனா? ஒரு பொம்பளப் புள்ளய அத்தன பேரு முன்னால அப்படியா பேசுறது? உங்க கையில இருந்த சாக்பீஸப் புடுங்கி எறிஞ்சானே. நீங்க அழுதுருவீங்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்த பேசல நீங்க. பொட்டியத் தொறந்து இன்னொண்ண எடுத்தீங்க. அவன் நிக்க நிக்க, கோட்டப் போட்டுத் தேதியும் எழுதிட்டுத்தான் நவுந்தீங்க. ஊரே அதத்தாம்மா பேசுது."

அவளுக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தது. அவளைத் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

"அண்ணே, தொட்டி காலியாத்தான இருக்கு?"

"எங்க காலி? நாளைக்கு வெழா. ஒரு தடவ ஏத்திப் பாக்கச் சொல்லி பிரசிடென்ட் சொன்னாரு. வெள்ளன ஆறு மணிக்கே மோட்டார் போட்டாச்சு. முக்காத் தொட்டி ஏறியிருக்கும்."

"அந்தக் கோட்டைப் போய்ப் பாருங்க. போனை வைக்காதீங்க. ஓடுங்க."

சைக்கிள் சங்கிலியின் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு. பிறகு குழந்தைகளின் இரைச்சல்.

"புள்ளைங்க எங்க இருக்குதுங்க?" என்றாள்.

"மத்தியானச் சோறும்மா. தொட்டிக்கு அடியிலதான், நெழலா இருக்குல்ல..." அவர் பேச்சு நின்றது. பிறகு குரல் இறங்கி வந்தது. "அம்மா. கோட்டத் தாண்டி ரெண்டு வெரக்கடை போயிருக்கு. சிமிட்டி தூள்தூளா உதிருது."

"முதல்ல புள்ளைங்கள அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அப்புறம் மோட்டாரை நிறுத்துங்க. கழுவுற வால்வைத் தொறந்து தண்ணி முழுக்க வெளில விடுங்க."

"பிரசிடென்டு என்னைய உண்டு இல்லன்னு பண்ணிருவாரும்மா."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. மங்கையர்க்கரசி சொன்னான்னு."

டீச்சரைக் கூப்பிட்டு அவர் கத்தினார். தட்டுகள் உருண்டன. ஏதோ ஒரு குழந்தை, சோறு, சோறு என்று அழுதது. ரொம்ப நேரம் எதுவும் புரியவில்லை. பிறகு தண்ணீர் விழும் பெரிய சத்தம் கேட்டது. அதற்கு மேலே பிள்ளைகளின் கூச்சல். இம்முறை சந்தோஷக் கூச்சல்.

மங்கை கம்பியை விட்டாள். உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது. சடகோபனுக்கு ஒரே வரி அனுப்பினாள். *கோடு இருக்கிறது. விரிசல் வளர்கிறது. பச்சையைத் திரும்பப் பெறுங்கள்.*

*

அவள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. தொட்டி வடிந்திருந்தது. விளையாட்டுத் திடல் முழுக்கச் சேறு. தூண்களைச் சுற்றிக் கயிறு கட்டி, அதில் டீச்சரின் சிவப்புத் துப்பட்டாவைத் தொங்கவிட்டிருந்தார் வைரக்கண்ணு. பள்ளித் தாழ்வாரத்தில் யாரோ பாண்டிக் கட்டம் வரைந்திருந்தார்கள். கான்ட்ராக்டர் எறிந்த சாக்பீஸ் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

கயிற்றுக்கு வெளியே நின்று மூன்றாவது தூணைப் பார்த்தாள். கோடு அவள் போடும் கோடுதான். தேதியில் அந்த ஏழு, அவள் எழுதுகிற ஏழு. எண்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக, அழுத்தி எழுதப்பட்டிருந்தன. அப்படி அழுத்திய கை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. வலக்கையை விரித்துப் பார்த்தாள்.

போன் அடித்தது. ரஹீமா.

"அக்கா, சார் பிரசிடென்டுக்குப் போன் பண்ணிட்டுச் சொன்னாங்க. புள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல."

"நான்தான்க்கா எடுத்தேன்."

"தெரியும்."

"திங்கக்கிழமை மீட்டிங்ல நீங்க பேசவே இல்ல. ஜெயசிங் அண்ணன் என்னென்னமோ சொன்னாரு, சிரிக்கவே இல்ல. என்னமோன்னு கோப்பத் தொறந்து பாத்தேன். அந்த ஆளு பேசினதக் கேட்டு எனக்கே தாங்கலக்கா. இத இவங்க காலம் பூரா வச்சிருக்கணுமான்னு தோணிச்சு. மூணாவது தூணுல என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கவே இல்ல. அவன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்." அவள் அழுதாள். "மறுபக்கத்தப் பாத்து எழுதிட்டேன். புள்ளைங்க அடியில உக்காந்து சோறு தின்னுச்சாமேக்கா."

"காலையில ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். சொன்னா உங்களுக்கு மறுபடி அதெல்லாம் தெரிஞ்சிருமேன்னு..."

"அதுல நான் இன்னொரு சாக்பீஸ் எடுத்தேனாம், ரஹீமா. அதையும் சேத்து எடுத்துட்ட."

வைரக்கண்ணு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, கால் கழுவிக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டிவிட்டுப் போனார்.

"திருப்பி வைக்க முடியுமா?" என்றாள் மங்கை.

"இல்லக்கா. எடுத்தா போனதுதான்."

"தெரியும்." அது அவளுக்கு எட்டு மாதமாகத் தெரியும். "இன்னைக்கே ஆளுக்கொரு பேர் போட்டுடறேன். திருத்துற உரிமைய எல்லாருகிட்டயும் எடுத்துடறேன். என்கிட்டயும்."

"சரிக்கா." அழுகை நின்றிருந்தது. "அக்கா, நீங்க கோப்போட நீளத்தப் பாத்துத்தான கண்டுபுடிச்சீங்க?"

"ஆமா."

"மீட்டிங் முடிஞ்சதும் நான் என்னோடதையும் பாத்தேன். இத்தன நாளு எனக்கு அது தோணவே இல்ல." அவள் குரல் மெதுவாக, ஒரு அறிக்கையை வாசிப்பதுபோல் வந்தது. "ஹபீபோட போன வாப்பா நேத்துத்தான் அலமாரிலேருந்து எடுத்து சார்ஜ் போட்டாங்க. அவன் கடைசியாப் பேசின நம்பர் என்னோடது. நாப்பது நொடி பேசியிருக்கான். என் கோப்புல அன்னைக்கு நாப்பது நொடி இல்ல. அதுக்கப்புறம் மூணு நாளும் அங்கங்க கொறையுது. சாருக்குத் திருத்தத் தெரியாது. ஜெயசிங் அண்ணனுக்கு என்மேல அவ்வளவு அக்கற கெடையாது."

தொட்டியிலிருந்து கடைசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் கோவமா கேக்கலக்கா. எடுக்குறதுக்கு முன்னால நீங்க கேட்டிருப்பீங்கல்ல? என் தம்பி என்கிட்ட என்ன சொன்னான்?"